தேதி விழாத உருளை

அட்டைக் குழலின் மூடியில் ஒட்டிய சீட்டில் இப்படி இருக்கிறது: "ஆனி கடைசி வியாழன், காலை. ராஜபாளையம். பேச்சு, ஒரு குரல். இரண்டு நிமிடம். முதல் ஓட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில்." கையெழுத்து என்னுடையது. எங்கள் கூட்டத்தில் பதிவாகும் உருளைகளுக்கெல்லாம் சீட்டு எழுதுவது நான்தான்.

கூட்டம் என்றால் மூன்று பேர். ராஜபாளையத்தில் நூல் மில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான், அதாவது நண்பரின் மனைவிக்கு அண்ணன், பிறகு நான். அவர்கள் இருவரிடமும் ஆளுக்கொரு போனோகிராப் உண்டு. தட்டு சுழலும் கிராமபோனுக்கு முந்தியது அது. அதில் மெழுகு உருளை சுழலும். கிராமபோன் பாட மட்டுமே செய்யும், இது கேட்டும் வைத்துக்கொள்ளும். கூர்மையான ஊசியை மாட்டிக் கூம்புக்குள் பேசினால் மெழுகில் கோடு விழும். மழுங்கிய ஊசியை மாட்டினால் அந்தக் கோடு பேசும். சாவி கொடுத்தால் போதும், கரண்ட் வேண்டாம்.

வெளிநாட்டில் இன்றும் சிலர் வெற்று உருளைகளை வார்க்கிறார்கள். அவற்றை வரவழைத்துப் புதிதாகப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை. நாதஸ்வரம் நன்றாக விழும். தவிலைத் தெருவுக்கு அனுப்பிவிட வேண்டும், பக்கத்தில் அடித்தால் ஊசி துள்ளும். வீணையை ஒருமுறை வைத்துப் பார்த்தோம், காதோரம் கொசு பறப்பது போல வந்தது. பேச்சு என்றால் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் குரல் தேவை.

பதிந்த உருளையின் மேல்தோலைச் சீவினால் அது மறுபடி வெற்று உருளையாகிவிடும். சண்டை அதில்தான் வந்தது. மச்சான், தான் பாடிய கீர்த்தனை ஒன்றைப் பதிந்து நண்பர் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் சீட்டு எழுதும் முன்பே நண்பர் அதைச் சீவி, மில் சங்குச் சத்தத்தைப் பதிந்தார். தைப்பூசத்துக்கு வந்த மச்சான் உருளையைக் கேட்டார். வீடு நிறைய உறவினர்கள் இருந்தார்கள். நான் அன்று மதுரையில் இருந்தேன். நடந்ததை நண்பரின் மனைவி சொல்லித்தான் எழுதி வைத்தேன்.

"ஏன்யா சீவுனீரு?"

"சுருதி சேரல மச்சான். அதான்."

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அதன்பின் தங்கையோடு பேசுவார், தங்கையின் கணவரோடு மட்டும் பேச்சில்லை.

இந்த வருடம் நண்பரின் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. பத்திரிகை அச்சாகும் முன், பெண்ணின் தகப்பனார் தன் வாயால் தாய்மாமனை அழைப்பது அவர்கள் வழக்கம். அழைக்கப்பட்ட மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவார். நண்பர் ஒருமுறை போனார். அவரைப் பார்த்ததும் மச்சான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தங்கை போனில் பேச்செடுத்தபோது, "நீ அழைச்சா அது அழைப்பாகாது" என்று வைத்துவிட்டார். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் யாரையும் அழைக்க முடியாது.

"எங்க அண்ணன் கையப் பிடிக்காம எம்மக மணவறைக்குப் போறத நான் பார்க்கமாட்டேன்," என்றார் நண்பரின் மனைவி. யோசனையும் அவருடையதே. "உருளையில பேசிக் குடுத்துவிடுங்க. மனுசன் மூஞ்சியப் பார்க்கமாட்டாரு. புது உருளைய ஓட்டாம இருக்க அவரால முடியாது."

நண்பர் தாளில் எழுதிக்கொண்டார். முதலில் குலதெய்வம், பிறகு பெரியவர்கள், மாப்பிள்ளை வீடு, கடைசியில் தேதியும் மண்டபமும். கடைசியில் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பது எங்கள் கணக்கு. புதன்கிழமை ஒத்திகையில் எல்லாம் சொல்லி முடித்தும் நேரம் மிச்சமிருந்தது.

வியாழன் காலை நான் பதிவு ஊசியை இறக்கினேன். நண்பர் கூம்புக்குள் கத்தினார். பாதியில் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மச்சான், சுருதி சேரலைன்னு அன்னைக்கிச் சொன்னேன்லா, அது பொய். சேந்துதான் இருந்துச்சு. வேற ஏதோ பழைய உருளைன்னு நெனச்சுச் சீவிட்டேன். அம்புட்டுப் பேரு முன்னால அத ஒத்துக்க முடியல."

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் மெழுகுத் தூளைப் பிரஷால் தள்ளிக்கொண்டே ஊசியைப் பார்த்தேன், ஓரத்துக்கு வந்துவிட்டது. தூக்கினேன். அவர் அப்போதுதான் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விழுந்திருக்கும்," என்றார்.

ஓட்டிப் பார்க்கவில்லை. மென்மையான மெழுகு ஒவ்வோர் ஓட்டத்திலும் கொஞ்சம் தேயும். முதல் ஓட்டம் மச்சானுக்கே என்பது பேச்சு. வெயில் ஏறும் முன் பஸ்ஸில் குழலை மடியில் வைத்துக்கொண்டு போய் வெற்றிலை பாக்குடன் கொடுத்தேன்.

"வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. நான் போடுறதா இல்ல," என்றார் மச்சான்.

ஆடி பிறக்க ஒரு நாள் இருக்கும்போது, நான் நண்பர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்தே சத்தம் வந்தது.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரக் கூப்பிடு! கல்யாணத்துக்கு வாங்கன்னு சொன்னாப் போதுமா? எந்தத் தேதிக்கு நான் வேட்டி கட்டிட்டு வாரது?"

நண்பர் எழுந்து வாசலுக்குப் போனார். "தேதி சொன்னேனே மச்சான்."

"யாருகிட்டச் சொன்னீரு? மெழுகுல இல்ல. 'ஆவணி மாசம்'னு ஒரு இழுவை, அதோட மூச்சு நின்னுபோச்சு. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து உருளையே தேஞ்சுபோச்சு."

"போடவேமாட்டேன்னு சொன்னியளாமே அண்ணே," என்றார் தங்கை.

"தேதி இருக்கான்னு பார்க்கத்தான் போட்டேன்."

"தேதி கடைசியிலல்லா வரும். நடுவுல இருக்கதையும் எதுக்குக் கேட்டிய?"

மச்சான் செருப்பைக் கழற்றினார். "அந்த நடுவுல உள்ளத அண்ணாச்சி முன்னால ஒரு தரம் சொல்லச் சொல்லு."

"அதான் உருளையில இருக்கே," என்றார் நண்பர்.

"நீரு சீவிப்புட்டா?"

நண்பர் என் பக்கம் திரும்பி, மெழுகில் சொன்னதை அப்படியே சொன்னார். பிறகு தேதியையும் மண்டபத்தையும் சொன்னார். தங்கை உள்ளே போய் இலை போட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணவறைக்கு வந்தாள். நாதஸ்வரத்தை ஓர் உருளையில் பிடித்தோம். அதற்கும் சீட்டு எழுதியாயிற்று. மச்சானை மறுபடி அந்தக் கீர்த்தனையைப் பாடச் சொன்னேன். "இனி சீவுறதுக்குப் பாடுறதா இல்ல அண்ணாச்சி," என்று மறுத்துவிட்டார்.

பந்தியில் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டேன். "நெசமாவே சேந்துதான் இருந்துச்சா?"

"சோறு ஆறுது. சாப்பிடுங்க அண்ணாச்சி."

அந்த உருளையைப் பாடியவரும் சீவியவரும் தவிர யாரும் கேட்டதில்லை. சீவிய மெழுகுத் தூளிலிருந்து எதையும் கேட்க வழியில்லை. ஆகவே, சுருதி சேர்ந்திருந்தது என்பது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல்.