மாமாவின் பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற விளக்கு

வத்தேகமயில் மாமா வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பஸ் படம் தொங்கும். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. வத்தேகமவுக்கும் கண்டிக்கும் வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். படத்தில் அவருடைய பஸ் கண்டி வாவிக்கரையில் நிற்கும். முன் ஜன்னலில் அத்தை, கல்யாணமான புதிதில், எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை வருடமும் அந்தப் படத்தில் கண்ணில் பட்டது பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற தெருவிளக்குத்தான்.

பழைய தெருவிளக்குகள் மேல் எனக்கு ஒரு பைத்தியம். அவற்றை யார் தனியாகப் படம் எடுத்து வைத்தார்கள்? பஸ்ஸைப் படம் பிடித்தவர்கள்தான் தங்களுக்கே தெரியாமல் விளக்கையும் பிடித்து வைத்தார்கள். என்னைப் போன்ற சிலர் ஃபேஸ்புக்கில் குழுவாகச் சேர்ந்து, பழைய பஸ் படங்களில் மூலை முடுக்கெல்லாம் விளக்குத் தேடுவோம். மாமாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "இம்மாம் பெரிய பஸ்ஸு நிக்குது, அத விட்டுட்டுக் கம்பத்தப் பாக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன் மாப்பிள்ள!"

அத்தையின் முதல் திவசம் நெருங்கியபோது மாமா அந்தச் சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அத்தைக்கு வேறு படம் என்று இருந்தது அடையாள அட்டையில் உள்ளதுதான். அதில் யாரோ அதட்டி உட்கார வைத்ததுபோல் இருப்பார். "இதுல அவ முகத்த மட்டும் பெருசாக்கித் தாங்க மாப்பிள்ள. சிரிச்ச முகத்துக்கு மாலை போடணும்."

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் ஃபோனில் எடுத்தது விளக்கை. முகத்தைப் பிறகு எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன், பாவி. விளக்கின் வளைந்த இரும்புக் கையில் ஏதோ பூவேலை இருந்தது. கண்ணாடியின் பளபளப்பு அதை மறைத்தது. அது மட்டும் தெளிவாக வந்தால் குழுவில் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். அந்த ஆசையில் சட்டத்தைப் பிரித்தேன். எத்தனையோ மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தேன். விளக்குப் பக்கம் முழுசாக வந்தது, ஜன்னல் பக்கம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அத்தோடாவது கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். பதறிப்போய் பிளேடால் கிளப்பப் பார்த்தேன். அத்தையின் முகம் தூளாக உதிர்ந்தது.

திவசத்தன்று அடையாள அட்டைப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். மாமா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று மாமாவும் இல்லை. சட்டத்தைப் பிரிக்குமுன் எடுத்த அந்த விளக்குப் படம் என் ஃபோனில் கிடக்கிறது. குழுவில் போடவும் இல்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. அதைத் திறந்தாலே திவசத்து மத்தியானம் வந்துவிடுகிறது. சாப்பாடு முடிந்து எல்லாரும் கலைந்தபின் மாமா என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"லைட்டாச்சும் நல்லா வந்துச்சா மாப்பிள்ள?"

"வந்துச்சு மாமா."

"காட்டுங்க பாப்போம்."

ஃபோனைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் விரித்தார். விளக்கை அவர் பார்க்கவே இல்லை. படத்தை ஓரத்துக்கு ஓரம் தள்ளித் தள்ளி, எங்காவது பஸ் ஜன்னல் கொஞ்சமாவது வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.