அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு ஹார்ட் டிஸ்க்

மலையாள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதியில் எங்கள் தோப்பை அண்ணனும் நானும் பாகம் பிரித்தது மிகவும் சுமுகமாக நடந்தது. அதாவது, மூன்று வருடம் முகம் பார்த்துப் பேசாமல், சர்வேயரை நான்கு முறை வரவழைத்து, வேலியோரப் பலா மரத்தின் நிழல் யாருக்குச் சொந்தம் என்பது வரைக்கும் விவாதித்து, சுமுகமாக. பிரிக்க முடியாமல் கடைசியில் மிஞ்சியது பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். குடும்பத்தின் மொத்தப் படமும் அதற்குள் இருந்தது. கல்யாணங்கள், குழந்தைகள், இறந்துபோன அப்பா மாட்டுச் சந்தையில் சிரிக்கும் வீடியோ, எல்லாம். அதை ஆன் செய்துவிட்டுக் குளித்து, சாப்பிட்டு வந்தால்தான் திரை வெளிச்சமாகும்.

"அது மூச்சை உடறதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்குல ஏத்தி வெச்சுக்கலாமுங்க" என்று அண்ணிதான் யோசனை சொன்னார். என் மனைவி மூலமாக அது எனக்கு வந்து சேர்ந்தது. நல்ல யோசனை. அதனால் அதைக் கெடுக்க ஆண்கள் நாங்கள் இருவரும் கோயமுத்தூருக்குக் கிளம்பினோம். ஒரே நாள், ஒரே கடை, ஆளுக்கொரு வண்டி.

கடையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். ஒரு வகையில் உள்ளே தட்டு சுற்றுமாம். நிறைய இடம், விலை குறைவு, ஆனால் கீழே போடக்கூடாது. இன்னொன்றில் சுற்றுவது எதுவும் இல்லை. வேகம் அதிகம், விலையும் அதிகம்.

"எதுக்குங்க வேணும்?"

"போட்டோ வெக்கறதுக்கு."

"அப்ப சுத்தறதே போதுங்க. ஆனா ரெண்டா வாங்கிக்குங்க. ரெண்டுலயும் ஏத்தி வெச்சா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

எதிரே நிற்பது இரண்டு பேர், இரண்டு குடும்பம். சின்னக் குழந்தைக்கும் கணக்குப் புரிந்திருக்கும். அண்ணன் என் காதோரம் குனிந்து, "ரெண்டு எதுக்குடா தம்பி? தலையில கட்டப் பாக்குது இந்தப் புள்ள" என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். அந்தச் சந்தோஷத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் சம்மதித்திருப்பேன். "ஆமாங்கண்ணா" என்றேன். ஒன்றே ஒன்று வாங்கினோம். ஆறு மாதம் அவர் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில்.

முதல் முறை என்னுடையது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். ஏறி முடிந்ததும் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டேன். டிஸ்க்தான் இருக்கிறதே! பிறகு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்தேன். ஆறு மாதம் நான் அதைப் பயன்படுத்திய விதம் அவ்வளவுதான். கெடு முடிந்த அன்று காலையில் அண்ணன் வேலியருகே வந்து கையை நீட்டினார். கொடுத்தேன்.

நான்கு மாதம் கழிந்திருக்கும். சுவரில் இருந்த அப்பா படத்தைக் கரையான் தின்றுவிட்டது. திதி வருவதால் வேறொரு பிரிண்ட் போட அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் டிஸ்க்கைத் தன் மகளின் லேப்டாப்பில் சொருகினார். திறந்தால் தேதி போட்ட வீடியோக்கள். ஒன்றைத் தட்டினேன். வேலி. இன்னொன்று. வேலி.

"போட்டோவெல்லாம் எங்கீங்கண்ணா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் தோப்பில் தேங்காய் குறைகிறதாம். யார் மேல் சந்தேகம் என்று அவர் சொல்லவில்லை. திருடனைப் பிடிக்க அவர் வேலியோரம் மாட்டிய கேமரா மட்டும் என் தோப்பைப் பார்த்தபடி இருந்தது. கேமரா பதிவாகும் பெட்டியில் இடம் போதாமல் டிஸ்க்கை அதில் சொருகியிருக்கிறார். 'இதில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா?' என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறது. மலையாளப் பத்திரத்தை லென்ஸ் வைத்து வரி வரியாகப் படிக்கிற மனுசன், இங்கே சம்மதம் என்று அமுக்கிவிட்டார்.

"எங்காச்சும் ஒரு மூலைல இருக்கும், பாரு" என்றார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலியைப் பார்த்தோம். இத்தனை நாளில் அவரும் அதைப் பார்த்ததில்லையாம். வேலியோரம் நேரில் நின்று காவல் காக்கவே பொழுது சரியாகிவிடுகிறது.

பத்தாவது வீடியோவில், அண்ணன் சாப்பிட்டுக் கண்ணயரும் மதிய நேரத்தில், ஆள் நடமாட்டம் தெரிந்தது. அண்ணன் நிமிர்ந்தார். வந்தது அண்ணி. முந்தானையில் நான்கு தேங்காய். வேலிக்கு எங்கள் பக்கம் என் மனைவி, கையில் மூடி போட்ட ஒரு தூக்குப் போசி. தேங்காய் எங்கள் பக்கம் வந்தது, போசி அந்தப் பக்கம் போனது. பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். அடுத்த நாள் வீடியோவிலும் அதேதான். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள்.

அண்ணி காப்பியோடு வந்து, "கெடச்சுதுங்களா?" என்று கேட்டார்.

"கெடச்சுது, கெடச்சுது" என்றார் அண்ணன், திரையை மூடிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. அப்பாவின் குரல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

மறுநாளே கோயமுத்தூர் கடைக்குக் கொண்டுபோனோம். "அழிச்சது கூடப் பரவால்லீங்க, அது மேலயே மாசக் கணக்கா எழுதிப்போட்டீங்களே" என்றாள் அதே பெண். நாங்கள் இரண்டு பெரிய மனிதர்களும் தரையைப் பார்த்தபடி நின்றோம். முயற்சி செய்து பார்ப்பதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் படங்கள் கிடைத்தன. பெரும்பாலும் யாரோ சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் இலையும் சாம்பார் வாளியும். சந்தை வீடியோ வரவில்லை. அப்பா இருந்த படம் ஒன்றே ஒன்று. அதிலும் நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை.

அண்ணன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மொகமாச்சும் முழுசா வந்துச்சே" என்றார்.

அதையே பெரிதாக்கி, சட்டம் போட்டுத் திதிக்கு வைத்தோம். வந்த பங்காளி ஒருவர் கிட்டப் போய் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாதி ஒடம்பு எங்கீங்க?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்துக் கேமராங்க, அப்பிடித்தான் உளுகும்" என்றார் அண்ணன்.

நானும் ஆமாங்க என்று தலையாட்டினேன்.