சுரைக்காய் நூடுல்ஸும் ஒன்பது விரலும்

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு செருப்புக் கடை. சர்க்கரை நோய்க்காரர்கள் போடும் மெத்துச் செருப்பு வாங்கப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் காலை நீட்டிக் கடைக்காரரிடம் கேட்டார்:

"தம்பி, எனக்கு ஒம்பது வெரலுதான். வெலையக் கொறைப்பீகளா?"

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆறு மாதம் முன்பு அவர் கால் சுண்டு விரலில் புண். "சோத்தைக் குறைங்க, நூடுல்ஸை மறந்துடுங்க. சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்கணும்" என்றார் டாக்டர். சோற்றைக்கூட விட்டுவிடுவார். நூடுல்ஸ்? எழுபது வயசுக்கு மேல் பிடித்த கிறுக்கு அது!

மருமகள் செல்வி செல்லில் ஒரு வீடியோ காட்டினாள். சுரைக்காயை இழை இழையாகச் சீவி, நூடுல்ஸ் போல வதக்குகிறார்கள். மாவே கிடையாது.

"அத்தை, நான் செய்யட்டா?"

"நகருத்தா. அம்பது வருசமா அடுப்புல நிக்கிறவ நானு."

முதல் நாள் இழை தண்ணீர் விட்டுத் துவண்டு போனது. ஒரு வாய் வைத்தார்.

"ஏ புள்ள, ஈரத்துணியப் புழிஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

சுருக்கென்றது எனக்கு. என் கைச் சமையலை அப்படிச் சொன்னவர் இதுவரை யாருமில்லை.

மறுநாள் வழக்கமான வேலையைச் செய்தேன். எங்கள் பக்கம் சோறு வடித்த கஞ்சியை யாரும் கீழே கொட்டமாட்டோம். குழம்பு நீர்த்தால் அதுதான், கீரை கடைந்தால் அதுதான். கெட்டியாக ரெண்டு கரண்டி ஊற்றி, பூண்டும் குண்டு மிளகாயும் தட்டிப் போட்டேன். இழை பளபளவென்று நின்றது.

"இதுல்ல நூடுல்ஸு!" தட்டை வழித்தார். தெரு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ரத்தம் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இவுக டீக்கடையே கதின்னு கெடப்பாக. வடையத் தின்னுருப்பாக."

"சத்தியமாத் தின்னல புள்ள."

"பொய்ச் சத்தியம் வேறயா?"

அன்றோடு டீக்கடைக்குத் தடை. கூட்டாளிகள் வாசலில் வந்து, "வாரீகளா?" என்பார்கள். "வரமாட்டாக" என்று நான் பதில் சொல்வேன். கடைத் தீனி வேண்டாம் என்று சுரைக்காய் நூடுல்ஸையே காலையும் ராத்திரியும் வைத்தேன். தலை நிமிராமல் தின்றார். புண் கறுத்தது. விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் செல்வி அடுப்படியில் எதையோ தேடினாள்.

"அத்தை, மாட்டுக்கு வச்சிருந்த வடிகஞ்சி எங்க?"

"நூடுல்ஸுக்கு ஊத்திட்டேன்."

"தெனமுமா?"

"இல்லாட்டி இழை நிக்காதே…"

காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை… அது சோறுதான அத்தை."

விரல் போனது கஞ்சியாலா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. பயம். கஞ்சி ஊற்றியது கைப்பழக்கம் — யோசிக்காமல் செய்தது. ஆனால் ஊரறியப் பொய்யன் என்றேனே… அது எந்தப் பழக்கம்? நம் கை தப்பு செய்யாது என்று இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் எப்போதும் திருடன்.

செல்வி யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தடையை நீக்கிவிட்டேன், ஆனால் அவர் டீக்கடைக்குப் போவதில்லை. "எதுக்கு? அப்பறம் நீ சந்தேகப்படுவ" என்கிறார்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். பத்திரிகையில் அச்சில் வந்ததும் இந்தப் பத்தியை வாராவாரம் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவர்தான். இந்த வாரமும் வாசிப்பார்.

என்னங்க… இந்த வரியோடு நிறுத்துங்கள். நான் அடுப்படியில்தான் நிற்கிறேன்.