துறைத் தலைவர் உடைக்கும் பூசணிக்காய்

எனக்குப் பதவி உயர்வு வந்தபோது ஆலையில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அப்போ இனிமே பூசணிக்கா யாரு ஒடைப்பாங்க?" உருக்குப் பிரிவுக்கு ஒரு பெண் தலைவராக வருகிறாளே, வேலையை எப்படிச் சமாளிப்பாள் என்றுகூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். பூசணிக்காய்க்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஆலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. பழைய இரும்பை உருக்கி, கட்டடக் கம்பிக்கான பாளங்களாக வார்ப்போம். நான் அங்கே சேர்ந்தது ஆய்வகத்தில். ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய குடும்பம் எங்களுடையது. அதிலிருந்து வேதியியல் முதுகலை முடித்து வந்தவளுக்கு ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது பெரிய விஷயம். அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னாள். "எம் பொண்ணு வெயில்லயே நிக்கத் தாவல."

ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்தால் வசவுதான் மிச்சம். உலையிலிருந்து கரண்டியில் மொண்டு, சின்ன வில்லையாக வார்த்து மேலே அனுப்புவார்கள். அதை இயந்திரத்தில் வைத்துக் கரி எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டும். வில்லை முழுக்க ஓட்டை இருக்கும், கசடு ஒட்டியிருக்கும். அளவு தப்பாக வரும். உடனே கீழேயிருந்து போன். "லேப் பொண்ணு தப்பா சொல்லுது." ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கிப் போய்க் கரண்டியைக் கேட்டேன். உலையடியில் இருந்த பெரிய மெல்டர், இருபத்தைந்து வருடமாக இரும்பு உருக்குகிறவர், பெரியபாளையத்துக்காரர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுட்டா பேஜாரா பூடும் மேடம்" என்றார். சுட்டதும் உண்மைதான். இடது முழங்கையில் தழும்பு இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் வில்லையில் ஓட்டை வரவில்லை. தினமும் இறங்க ஆரம்பித்தேன். உலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் சண்டை போட்டுத் தெரிந்துகொண்டது. ஆய்வகத்திலிருந்து உருக்குப் பிரிவுக்கு மாற்றல் கேட்டபோது மனிதவள அதிகாரி நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பிறகு துணைப் பொறியாளர், ஷிப்ட் பொறுப்பாளர், ஒன்பது வருடம் கழித்துத் துறைத் தலைவர்.

இப்போது பூசணிக்காய்க்கு வருகிறேன்.

உலையின் உட்சுவரை வெள்ளை மணல் மாதிரி இருக்கும் குவார்ட்ஸ் பொடியை இடித்து இறுக்கிக் கட்டுவோம். லைனிங் என்போம். இரும்பு உருக உருக அது தேயும். தேய்ந்தால் உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். புது லைனிங்குக்குப் பூசை உண்டு. மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம், கடைசியில் பூசணிக்காய். அதை உடைப்பவர் துறைத் தலைவர். அந்த இடத்தில் நின்றபடியே அவர் லைனிங்கையும் ஒருமுறை பார்த்து, பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். பூசையும் பரிசோதனையும் ஒரே நிற்பில் நடப்பது எங்கள் ஆலையின் வழக்கம். இரண்டும் வேறு வேறு காரியம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் தலைவரான பிறகு வந்த முதல் லைனிங் அன்று காலை, பெரிய மெல்டர் என்னிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இன்னிக்கு ஒடம்பு நல்லாக்கீதா மேடம்?"

எனக்கு முதலில் புரியவில்லை. நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அவர் நகரவில்லை. அப்புறம்தான் புரிந்தது. கோபத்தில் காது சுட்டது. ஒன்பது வருடமாக மாதத்தில் அந்த மூன்று நாளும் வயிற்று வலியோடு அந்த உலைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் இரும்பு ஒழுங்காகத்தான் உருகியது.

பொது மேலாளரிடம் போனேன். என் பதவி உயர்வுக்காக நிர்வாகத்திடம் பேசியவர் அவர்தான். "நீங்க பெரிய பெரிய விஷயத்துக்கு ஃபைட் பண்ணுங்கம்மா. இது சின்ன விஷயம். ஜூனியர் ஒடைக்கட்டும். ஒரு அரை மணி நேரம் நீங்க லேப்ல இருங்க" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். எனக்கு வரம் கொடுத்த சாமியே பூசாரி வேலையையும் சேர்த்துப் பார்த்தது.

சின்ன விஷயம்தானே என்று நானும் லேபில் போய் உட்கார்ந்தேன். இன்றுவரை எனக்கு என் மேலேயே எரிச்சல் வருவது அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். அங்கே இப்போது வில்லை பார்க்கும் புதுக் கெமிஸ்ட் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பி வந்தபோது உலையில் மின்சாரம் ஏற்றியிருந்தார்கள். இரும்பு அடியில் சிவக்கத் தொடங்கியிருந்தது. வழக்கப்படி மீட்டர் பலகையைப் பார்த்தேன். கசிவு காட்டும் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

வெளியாளுக்குப் பூஜ்யம் நல்ல செய்தியாகத் தெரியும். எங்களுக்கு அப்படியில்லை. உலையின் அடியில் ஒரு கம்பி வைத்திருப்போம். சுவர் விரிசல் விட்டு, உருகிய இரும்பு வெளியே கசியப் பார்த்தால் அந்தக் கம்பி வழியாகத்தான் அலாரம் அடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. இரும்பும் தண்ணீரும் சந்தித்தால் வெடிக்கும். சுற்றி நிற்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். புது லைனிங்கில் கொஞ்சம் ஈரம் இருப்பதால் மீட்டர் முள் சற்றாவது ஆடும். ஆடவே இல்லையென்றால் கம்பி தொட வேண்டிய இடத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். பரிசோதனையில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

பூசணிக்காய் உடைத்த ஜூனியர் பொறியாளரைக் கேட்டேன். "கம்பிய செக் பண்ணியா?"

"புக்ல டிக் பண்ணிட்டேன் மேடம்."

"நான் புக்க கேக்கல."

அவன் கையில் பூசணிக்காய்க் குங்குமம் இன்னும் அப்படியே இருந்தது. பாவம், அவனை யாரோ பூசைக்குத்தான் கூப்பிட்டார்கள். அவன் பூசைதான் செய்தான்.

நிறுத்தச் சொன்னேன். பெரிய மெல்டர் குறுக்கே வந்தார். "பூச போட்ட அடுப்ப அணைக்கக் கூடாது மேடம். ஆவாது. ஒரு ஹீட் இரும்பு உருக்கிக்கினு அப்பால பாத்துக்கலாம்." வடக்கிலிருந்து வந்த ஆட்களும் இரண்டு வருடத்தில் இந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். நான் அவரைத் தாண்டிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். உலை ஓய்ந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாதி சூடான லைனிங் ஆறினால் உதவாது. மறுநாள் உடைத்தோம். கம்பி மடங்கிப் பொடிக்குள் புதைந்து கிடந்தது. சுவர் எங்கே கசிந்திருந்தாலும் அலாரம் அடித்திருக்காது. நான் அதை எடுத்துக்கொண்டு பொது மேலாளரின் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்து உண்மையாகவே வெளிறிப் போனார். அப்புறம் சொன்னார், "நல்ல வேளைம்மா. பூசைய முறையா போட்டதாலதான் கடவுள் காப்பாத்தினார்."

காப்பாற்றியது மீட்டர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், பரிசோதனையையும் பூசையையும் பிரித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பரிசோதனையும் பூசையும் தனித்தனி. ஒன்பதரைக்குள் துறைத் தலைவர் பரிசோதனையை முடித்துக் கையெழுத்திட வேண்டும். பத்து மணிக்குப் பூசை. நான் கேட்டதுதான் அது, வார்த்தைக்கு வார்த்தை. ஆனால் அதன் கடைசி வரியில், பூசை நேரத்தில் துறைத் தலைவர் ஆய்வகப் பணியைக் கவனிப்பார் என்று இருந்தது. என்னை வெளியே அனுப்புவது இதுவரை வாய்ப்பேச்சாக இருந்தது. இப்போது அதற்கு முத்திரையும் வைத்துவிட்டார்கள்.

புது லைனிங் அமைந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். ஒன்பது மணிக்கு மீட்டரோடு உலை மேடையில் ஏறினேன். கம்பியைப் பார்த்தேன், சுவரின் கனத்தைப் பார்த்தேன், தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தேன். நிஜமாகச் சொன்னால் ஒன்பதரைக்கு முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். பத்து மணிக்குப் பூசணிக்காயோடு ஜூனியர் வந்து நின்றான். சூடத் தட்டோடு பெரிய மெல்டர் வந்தார்.

"மேடம், பத்தரைக்கு ராகு காலம்."

"தெரியும். இன்னும் குழாய் பாக்கி இருக்கு. எனக்காக நிக்காதீங்க, நீங்க ஆரம்பிங்க."

பத்தே கால் ஆனது. பத்து இருபது ஆனது. என் கையெழுத்து இல்லாமல் மின்சாரம் ஏற்ற முடியாது, அதுவும் அந்தச் சுற்றறிக்கையில்தான் இருந்தது. பெரிய மெல்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் சூடத்தை ஏற்றினார். ஜூனியர் பூசணிக்காயை உடைத்தான். நான் மேடையிலேயே, அவர்களுக்கு நான்கடி தள்ளி, மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டு என் பக்கம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். உலை எரிந்தது.

ஜெயித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். மதியமே பயம் பிடித்துக்கொண்டது. லைனிங் என்றால் ஒருநாள் விரிசல் விடும். எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் சில நேரம் சீக்கிரமே விடும், காரணம் பொடியாக இருக்கும், ஈரமாக இருக்கும். ஆனால் இந்த லைனிங் சீக்கிரம் விட்டால் காரணம் பூசையில் நின்ற நான்தான். ஆலை முழுக்க அதற்காகக் காத்திருந்தது. என் ஷிப்ட் இல்லாத நேரத்திலும் போன் செய்து எத்தனையாவது ஹீட் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பெரியபாளையம் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். குவார்ட்சின் உருகுநிலை தெரிந்தவள், பவானி அம்மன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஒரு லைனிங்கை மட்டும் தாங்கிக் கொடு தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

அது தாங்கியது, வழக்கமாகத் தாங்கும் அளவுக்கு. உடைத்து எடுத்த அன்று பெரிய மெல்டர் வந்து, "பூச நல்லா அமஞ்சிது மேடம்" என்றார். பூசணிக்காயை என்னிடம் தராததைக்கூட நான் மறந்துவிடுவேன். அந்தக் கோயில் வரிசையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதை மறக்க முடியவில்லை.