மூக்கறை ராஜாவுக்கு விலை

பல்செட் செய்து பிழைக்கும் அந்த மனிதருக்குக் கை சுத்தம் உண்டு, வாய் சுத்தம்தான் கிடையாது. மகளின் கல்யாண விருந்தில், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தியைப் பார்த்து, "இந்தப் பல்லு யாரு கட்டினது? குதிரை டாக்டரா?" என்று கேட்டுவைத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்துத் தொலைத்தார்கள். டயர்க்கடை வைத்திருக்கும் சம்பந்தி மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

பல்செட்காரருக்குப் பழைய காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. ஒரே ராஜாவின் செப்புக் காசுகளை வருஷவாரியாகச் சேர்த்திருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று. அச்சு பிசகி, ராஜாவுக்கு மூக்கே விழாமல் போன காசு. சேர்ப்பவர்கள் அதை 'மூக்கறை ராஜா' என்பார்கள். அது ஏலத்துக்கு வருகிறது என்று இவர் வீடு முழுக்கத் தம்பட்டம் அடிக்க, பேச்சு மகள் வழியாக டயர்க்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏலத்தன்று பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. இவர் ஏற்ற ஏற்ற அதுவும் ஏற்றியது. கடைசியில் இவர்தான் கையை இறக்கினார். காசில் தலை எது, பூ எது என்றுகூடத் தெரியாத சம்பந்தி, வீம்புக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஏல நிறுவனத்தில் ஒரு வசதி இருந்தது. முன்பு விற்ற காசுகளின் படங்கள் இணையதளத்தில் அப்படியே இருக்கும். பிடித்திருந்தால் அவற்றுக்கும் விலை சொல்லலாம். ஆபீஸ் பெண் காசுக்கு உடையவரைக் கூப்பிட்டுக் கேட்டு, பதிலை வாங்கிச் சொல்வாள். கேட்டவர் பெயரை உடையவரிடமும், உடையவர் பெயரைக் கேட்டவரிடமும் சொல்ல மாட்டாள். பல்செட்காரருக்கு இது தோதாகப் போயிற்று. சம்பந்தியிடம் நேரில் போய்ப் பல்லிளிக்கிற ஆளா அவர்? கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோதெல்லாம் விலை சொன்னார்.

"சார், அவங்க முடியாதுன்னுட்டாங்க."

"திட்டினானா?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது சார்."

"பரவால்ல, சொல்லும்மா."

"சிரிச்சாங்க சார்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று முழுக்க அவர் அரம் போட்டுத் தேய்த்த பற்களெல்லாம் அளவு தப்பின.

பெயரை மறைத்தால் மட்டும் கேட்பது யாரென்று சம்பந்திக்குத் தெரியாதா என்ன? அந்த மூக்கில்லாத காசுக்கு உலகத்தில் வேறு யார் இப்படி அலையப்போகிறார்கள்? ஒவ்வொரு முறையும் ஆபீஸிலிருந்து போன் வந்ததும் சாப்பாட்டு மேசையில் மருமகளை உட்கார்த்திவைத்துக்கொண்டு சம்பந்தி ஆரம்பிப்பார்: "உங்கப்பன் இன்னைக்கும் பிச்சைக்கு வந்திருந்தான்மா."

மகள் போனில் அழுதாள்.

"அப்பா, விட்டுடுங்கப்பா. இங்க எனக்குச் சோறு இறங்கல."

"அவன் குடுத்துட்டா நான் ஏன் கேக்கப்போறேன்? அதை அவன்கிட்ட சொல்லு."

"நான் உங்க பொண்ணுப்பா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சேதி சொல்ற ஆபீஸ் பொண்ணு இல்ல."

அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அடுத்த வாரமே விலையைக் கூட்டினார். பிடிவாதம் என்றால் அப்படியொரு வறட்டுப் பிடிவாதம்.

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போவார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்காருவார். அவள் அவர் வாய்க்குள் விரலை விட்டுப் பல் எண்ணுவாள். சம்பந்தி வேண்டுமென்றே டிவி சத்தத்தைக் கூட்டுவார். அந்தச் சத்தத்திலும் பேத்தி எண்ணுவதை அவர் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். வாரத்தில் அவர் யாரையும் திட்டாத ஒரே நேரம் அதுதான்.

ஒருநாள் ஆபீஸ் பெண்ணின் குரலில் தாங்க முடியாத உற்சாகம். "சார், ஒத்துக்கிட்டாங்க! நீங்க முதல்ல சொன்ன விலைக்கே தர்றாங்களாம்!"

பணம் கட்டினார். கூரியரில் காசு வந்தது. மேசை விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அசல் மூக்கறை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"வந்துச்சாப்பா?"

"வந்துடுச்சு கண்ணு! பாத்தியா, கடைசில அந்த ஆளு வழிக்கு வந்துட்டான். முதல் விலைக்கே குடுத்துட்டான்!"

"மிச்ச விலைய நான் குடுத்தேன்."

"நீயா? உன்கிட்ட ஏதும்மா பணம்?"

"பணம் இல்லப்பா. 'காசைக் குடுத்துடறேன், அதுக்கப்புறம் உங்கப்பன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, சம்மதமா'ன்னு மாமா கேட்டாரு. நான் அழுவேன்னு நெனச்சுக் கேட்டாரு. நான் சரின்னுட்டேன். அவரே அசந்துட்டாரு."

"என்னைக் கேக்காம எப்படி சரின்னு சொன்னே?"

"எத்தனை தடவ கேட்டேன் உங்கள?"

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை அம்மா மட்டும் வரட்டும்." மகளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேணும்னா ஒண்ணு செய்யுங்க. அதைத் திருப்பி அனுப்பிடுங்க. மாமாகிட்ட நான் பேசிக்கறேன். பாப்பா இப்பவே உங்கள எங்கேன்னு கேக்கறா."

காசு அவர் உள்ளங்கையில் இருந்தது. இந்தா, இப்போதே அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன.

"யோசிச்சு சொல்றேன் கண்ணு" என்றார்.

மகள் போனை வைத்துவிட்டாள்.