பேனரில் நின்ற பைலட்

காலை பத்தேகாலுக்கு என் மகள் கயல், தம்பி வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனாள். மொபைல் நாற்காலியிலேயே கிடந்தது. சிதம்பரத்தில் தம்பி சேகர் புது வீட்டுக்குக் குடிபோன நாள் அது. பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தான். தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை, தொப்பி, மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். உடம்பு எந்த ஊர் பைலட்டுடையதோ, தலை மட்டும் கயலுடையது. ‘கனடா விமானியே, வருக வருக!’ கனடாவில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் ஒரு பெண் காலேஜுக்குப் போகிறாள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் “குட் ஃபார் ஹெர்” என்று சொல்லிவிட்டு மறுபடி பனியை வாரப் போய்விடுவார். பல வருஷம் அங்கே இருந்துவிட்டதால் எனக்கே அந்தப் பேனரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கயல் சேர நினைத்தது விமானப் பராமரிப்பில் இரண்டு வருஷ டிப்ளமோ. ஓட்டுவதற்கு இல்லை, பழுது பார்ப்பதற்கு. ஃபோனில் சேகரிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் அப்புறம்க்கா, மொதல்ல ஏரோப்ளேன் கிட்ட போவட்டும்” என்று சிரித்தான். அவனுக்கு ஏவியேஷன் என்றால் பைலட்தான். அண்ணாமலை நகர் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட மனை எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. அதை விற்றால்தான் ஃபீஸ் கட்ட முடியும். பைலட்டுக்கு என்று நினைத்துத்தான் அவன் சரி என்றிருந்தான்.

எனக்கே மனசு நிலையாக இல்லை. நம்மவர்கள் பிள்ளைகள் எல்லாம் நாலு வருஷம் கம்ப்யூட்டர் படிக்கின்றன. அதில் சிலர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறேன். இவள் படிப்பு இரண்டே வருஷம்தான். ஆனால் முடித்த கையோடு லைசென்ஸ் கிடைக்காது. ஹேங்கர் என்கிற அந்தப் பெரிய கொட்டகையில், குளிரில், மற்றவர்களுக்குக் கீழே நின்று பழக வேண்டும். அதற்குப் பிறகு சம்பளம் நன்றாக வரும் என்கிறார்கள். வராவிட்டால் மனையும் போயிருக்கும். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. அப்பா கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வாடை அவர் கையில் இருந்தது. “இந்த நாத்தம் என்னோட போவட்டும்” என்று சொல்லித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அவர் கீழே வைத்த ஸ்பேனரைப் பேத்தி எடுக்க அவர் வாங்கிய மனையையே விற்பதா?

கனடாவில் அந்தக் காலேஜுக்கு ஒருநாள் போயிருந்தோம். ஜோன் என்கிற ஆசிரியை கயலைப் பார்த்து, “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். “உயரம் பயமா?” அதற்கும் நான்தான். நம் ஊரில் அட்மிஷன் என்றால் பெற்றவர்கள்தானே பேசுவோம். கடைசியில் அவர் விண்ணப்பத்தை என்னிடம் நீட்டி, “நீங்களும் சேர்கிறீர்களா?” என்றார். வயசானவர்களையும் சேர்க்கிறார்களாக்கும் என்று நினைத்து, “எனக்கு முட்டி வலி” என்றேன். திரும்பும்போது காரில் கயல் பேசவே இல்லை.

இங்கேயும் அதுதான் நடந்தது. காலைப் பந்தியில் ஒரு பெரியப்பா, “பைலட்டுக்குச் சம்பளம் ஜாஸ்தியாமே, இன்னா பாப்பா?” என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், “ஆமா பெரியப்பா, நல்லாவே குடுப்பாங்க” என்று நான் சொல்லிவிட்டேன். அவள் இலையை மூடி எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான்.

சேகர் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு தேடாத இடமில்லை. கோயில் வீதிகள், ரயிலடி, அண்ணாமலை நகர் ஹாஸ்டல் தெருக்கள், முள் மண்டிய எங்கள் மனை. “தமிழ் படிக்கக்கூடத் தெரியாது, எங்கடா போவா?” என்று அழுதேன். “வாய் இருக்குதுல்லக்கா, கேட்டுக்கினு வந்துரும்” என்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கயல் வந்தாள். முகமெல்லாம் புழுதி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“கடலூர் பஸ்ல ஏறி, தாத்தா வேலை பாத்த கம்பெனிக்குப் போனேன் மாமா. வாட்ச்மேன் உள்ள விடல. கேட்டுல கொஞ்ச நேரம் நின்னேன். திரும்பி வந்து அந்தப் பேனருக்கு கீழயும் நின்னேன். யாருக்கும் என்னை அடையாளம் தெரியல.” மூச்சு வாங்கினாள். “நான் ப்ளேன் ஓட்ட மாட்டேன், ரிப்பேர்தான் பண்ணுவேன். தாத்தா மாதிரி. அதுக்கு மனைய விப்பீங்களா?”

சேகர் என் பக்கம் திரும்பினான். நான் பேசவில்லை. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அப்ப தொப்பி கெடையாதா?”

“கெடையாது.”

“அப்பா மனைதானே, வித்துருவோம். பேனரத்தான் நாளைக்கே அவுத்துடணும்.”

“வேணாம் மாமா, இருக்கட்டும்” என்றாள் கயல். “ஊருல ஒரு பைலட்டாவது இருக்கட்டும்.”