இரண்டு இருபத்தேழாம் நம்பர்

போன வாரம் அடையாறு வீட்டில் பிரின்ட்டர் வேலை செய்யவில்லை. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்தவர் மோடத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். லேப்டாப்பில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, நோயாளியின் சொந்தக்காரரிடம் டாக்டர் பேசும் குரலில் சொன்னார்.

"சார், உங்க பிரின்ட்டரும் டிவியும் ஒரே அட்ரஸ்ல கீது. ஒண்ணுக்கு அனுப்புறது இன்னொண்ணுக்குப் போவுது."

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் அந்தப் பெட்டி ஓர் எண் கொடுக்குமாம். வருவதையெல்லாம் எண்ணைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுக்குமாம். யாரோ புத்திசாலி, பிரின்ட்டருக்குத் தானே ஓர் எண்ணைப் போட்டுவைத்திருக்கிறார். அது தெரியாமல் பெட்டி அதே எண்ணை டிவிக்கும் கொடுத்துவிட்டது. "யார் சார் போட்டது?" என்றார். நான்தான். சொல்லவில்லை.

விலாசத்தில் கைவைத்துக் காரியத்தைக் கெடுப்பது எனக்குப் புதிதல்ல.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா, தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டுபவர். நான் மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். சாதாரண டைப்பிஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள். மார்ஜின் ஓர் எழுத்து நகர்ந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி அடிக்கிற ரகம். இந்த ரகத்தால் உலகத்துக்கு நேர்ந்த கஷ்டங்கள் கொஞ்சமல்ல.

அந்த வருடம் பெயின்ட் டப்பாவோடு இரண்டு பேர் வந்து சந்து முழுக்கப் புது எண் எழுதிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாக இருந்த எங்கள் வீடு இருபத்தேழாயிற்று. அதுவரை இருபத்தேழாக இருந்த வீடு நாற்பத்தொன்றாயிற்று. அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் சேஷாத்ரி. தன்னைக் கேட்காமல் செய்த எதையும் அவர் அங்கீகரிப்பதில்லை. அன்று மாலையே மண்ணெண்ணெய்த் துணியால் நாற்பத்தொன்றைத் துடைத்தெறிந்துவிட்டு, பழைய தகர எண்ணைப் பளபளவென்று தேய்த்துவைத்தார். மறுநாள் வரை சந்தில் மண்ணெண்ணெய் வாடை. ஆக, ஒரே சந்தில் இரண்டு இருபத்தேழு. அதனால் ஒன்றும் கெடவில்லை. தபால்காரர் ஏழுமலைக்கு எண் தேவையில்லை, எங்கள் மூஞ்சியே போதும்.

அப்போதுதான் அக்கா வசந்தா டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு மனுப் போட்டாள். வயது வரம்பைத் தாண்ட அவளுக்குச் சில மாதங்களே இருந்தன. இந்த வேலை கிடைக்காவிட்டால் அம்மாவின் தம்பியைக் கட்டிக்கொள்வது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. நல்ல மனிதர்தான், வாயில் வெற்றிலை இல்லாத நேரங்களில்.

மனுவை ஆபீஸில் நான்தான் டைப் அடித்தேன். விலாசத்தோடு 'பழைய எண் 12' என்றும் சேர்க்கச் சொல்லியிருந்தாள். சேர்த்தால் அந்த வரி மடங்கி அடுத்த வரியில் தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

ஏழுமலை தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்த வாரம் இன்டர்வியூ கடிதம் வந்தது. அவருக்குப் பதிலாக வந்தவர் பளபளத்த இருபத்தேழில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். லீவு முடிந்து வந்த ஏழுமலைதான் விஷயத்தைச் சொன்னார்.

"இன்னாம்மா, உன் பேருக்கு வந்த கவரு திரும்பிப் பூட்ச்சாமே. இந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு ஹெட்கிளார்க்கு ஐயா எழுதிக் குட்த்துட்டாராம்."

அக்கா நேரே சேஷாத்ரி வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"சார், என்னைத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாம என்ன. ஜவுளிக்கடைக்காரர் பொண்ணு வசந்தா."

"அப்புறம் ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"எங்காத்துல இல்லையே. கவர்ல இருபத்தேழுன்னு போட்டிருந்தது. இருபத்தேழு இது. இங்க வசந்தான்னு யாரும் இல்லை. இதுல பொய் எங்க இருக்கு, சொல்லு."

"நாலு எட்டு நடந்து வந்து குடுத்திருக்கலாமே சார்."

"அது தபால்காரன் உத்தியோகம். அடுத்தவா உத்தியோகத்துல நான் தலையிடறதில்லை."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரி சார். நீங்க செஞ்சது சரிதான். அதை எழுத்துல குடுப்பீங்களா?"

சேஷாத்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் எதையும் எழுத்தில் யாரும் கேட்டதில்லை. பேனாவுக்கு மை ஊற்றினார். ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினார். பத்திக்குப் பத்தி எண், உட்பிரிவுக்கு எழுத்து, இணைப்பாகச் சந்தின் வரைபடம். பாதியில் நிமிர்ந்து, "முழு விலாசம் போடாம டைப் அடிச்சது யாரு?" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "வெளியில குடுத்து அடிச்சோம் சார்."

'திறமையற்ற தட்டச்சர்' என்று ஒரு தனிப் பத்தி சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா அதை எடுத்துக்கொண்டு டெலிபோன் ஆபீஸுக்குப் போனாள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே அதிகாரி மூன்று பக்கத்தையும் படித்து, வரைபடத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "இதுக்குப் பதில் எழுத எங்கிட்ட ஆள் இல்லைம்மா" என்றாராம். இன்னும் முடியாமலிருந்த இன்டர்வியூவில் அவளையும் சேர்த்துக்கொண்டார். வேலை கிடைத்தது. வெற்றிலைக்காரர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். தன்னால்தான் வசந்தாவுக்கு வேலை கிடைத்தது என்று சேஷாத்ரி சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதிலும் பொய் இல்லை என்பதுதான் என் எரிச்சல்.

அக்காவை ட்ரங்க் கால் பிரிவில் போட்டார்கள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அவளைப் போன்றவர்கள்தான் அந்தந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு லைன் வாங்கித் தர வேண்டும். திருச்சியில் மரகதம் என்று ஒருத்தி. அக்காவுக்கும் கல்யாணமாகிவிட்ட அந்த வருடங்களில், லைனுக்குக் காத்திருக்கும் ஓரிரு நிமிடங்களில் இருவரும் பேசிப் பேசியே, ஒருத்தி பிள்ளைக்கு அம்மை போட்டதும் மற்றவள் மாமியார் கோபித்துக்கொண்டு போனதும் பரஸ்பரம் தெரியும். முகம் தெரியாது. பிறகு அவரவர் வீட்டிலிருந்தே வெளியூர் எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. திருச்சிக்கு லைன் போடும் போர்டை ஒருநாள் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்று அக்காவுக்கு வார லீவு.

"மரகதத்தோட அட்ரஸ் வாங்கி வெச்சுக்கலையா?" என்று பின்னால் ஒருமுறை கேட்டேன்.

"கூப்பிட்டா லைன்ல வந்துடுவா. அட்ரஸ் எதுக்குன்னு இருந்துட்டேன்" என்றாள்.